வீட்டில் சமைத்ததை அழகாகப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமைத்ததைப் படம் எடுக்க ஆரம்பித்தவர்கள் கேட்கும் கேள்விகளில் ரொம்ப வகை கிடையாது. ஃபோன் போதுமா, எந்தத் தட்டு நல்லது, ஏன் எல்லாம் மஞ்சளாக வருகிறது, இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். பதில்களில் பாதி ஜன்னலில் போய் நிற்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நேரில் நாக்கில் நீர் ஊறவைக்கும் சாப்பாடு, படத்தில் மட்டும் ஏன் ஊசிப்போனது மாதிரித் தெரிகிறது?

நேரில் கண் மட்டும் வேலை செய்வதில்லை. வாசனை வருகிறது, சூடு முகத்தில் படுகிறது, பசி வேறு. படத்துக்கு இந்த உதவி எதுவும் இல்லை, வெளிச்சம் ஒன்றுதான் துணை. அடுப்படி விளக்கு பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கும். குனிந்து எடுப்பவரின் நிழல் தட்டில் விழும், நிறம் மஞ்சளடிக்கும். அந்த மஞ்சளை நம் கண்ணும் மூளையும் சத்தமில்லாமல் கழித்துவிடும். கேமராவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

ஒருநாள் ராத்திரி தக்காளி சூப் வைத்துப் படம் எடுத்தேன். கிண்ணத்தின் பாதியில் என் தலை நிழல், மீதிப் பாதி துருப்பிடித்த தகரத்தின் நிறம். மறுநாள் காலையில் மிச்சமிருந்த அதே சூப்பைச் சுடவைத்து, அதே கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னலோரம் வைத்து, அதே ஃபோனில் எடுத்தேன். மேலே மிதந்த எண்ணெய்ப் பொட்டுகள்கூடத் தனித்தனியாக மின்னின. பழைய சூப்தான் புதுசாகத் தெரிந்தது.

ஜன்னலோரம் வைத்தால் போதுமா? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்?

தட்டை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடம் 6 மணி. ஜன்னல் 9 மணியிலோ 3 மணியிலோ இருந்தால் பக்கவாட்டு வெளிச்சம். 10, 11 மணிப் பக்கமோ 1, 2 மணிப் பக்கமோ இருந்தால் சாய்வாகப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம். சாப்பாட்டுக்கு இந்த இரண்டாவதுதான் பெரும்பாலும் வெல்லும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால், அதாவது 6 மணியில் இருந்தால் நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ரொட்டியின் மொறுமொறுப்பும் சோற்றுப் பருக்கையும் தட்டையாகப் போய்விடும்.

காரணம் எளிது. மேடு பள்ளம் நிழலால்தான் தெரியும். ஈரமான, எண்ணெய்ப் பளபளப்புள்ள பரப்பு கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும்: எதிர்ப்பக்கமிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் நம் பக்கம் திருப்பி அனுப்பும். அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் 'இப்போதுதான் இறக்கியது' என்று மனசு முடிவு செய்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு பொரித்த முட்டையை வைத்துப் பாருங்கள். தட்டையும் உங்களையும் கால் வட்டமாகத் திருப்பித் திருப்பி நான்கு படம் எடுங்கள். முதுகுப்பக்க வெளிச்சத்தில் மஞ்சள் கரு வெறும் மஞ்சள் வட்டம். பக்கவாட்டில் அது உருண்டையாகும். பின்வெளிச்சத்தில் வெள்ளைக்கருவின் ஓரத்தில் இருக்கும் பொன்னிறச் சரிகை வரை தெரியும். பத்து நிமிட வேலைதான், இதற்கு மேல் நான் எவ்வளவு எழுதினாலும் அந்த நான்கு படம் சொல்வதைச் சொல்ல முடியாது.

நேரடி வெயில் விழும் ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளைத் துணியையோ பேக்கிங் பேப்பரையோ குறுக்கே தொங்கவிடுங்கள். வெயிலின் கூரான நிழல் மெத்தென்று மாறும். அப்புறம், பகலாக இருந்தாலும் அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் குண்டு பல்பு சுமார் 2700 கெல்வின். இரண்டும் ஒரே தட்டில் கலந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. பிறகு எந்த எடிட்டிங்கிலும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்வது பெரும்பாடு.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ரொம்ப இருட்டாகிவிடுகிறதே?

ஒரு வெள்ளை அட்டையோ தெர்மோகோல் பலகையோ போதும். இருண்ட பக்கத்தில், படத்துக்குள் வராத அளவுக்கு நெருக்கமாக நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலை லேசாக்கும். அட்டையை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். நிழலை ஒரேயடியாகத் துடைத்துவிட வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும். மாறாக, வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு மாதிரி எல்லாம் வெளுத்துப்போகும் இடத்தில், அதே இடத்தில் கறுப்பு அட்டை வைத்தால் விளிம்புகள் துலங்கும்.

இதற்கெல்லாம் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த ஒற்றைக் குடமிளகாய் படம் புகைப்பட வரலாற்றில் பேர்போனது. அவர் அந்தக் குடமிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலே பின்னணி, புனலின் உட்சுவரே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அட்டை.

எனக்கு ராத்திரியில்தான் நேரம். என்ன செய்வது?

ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில், முன்னால் வெள்ளைத் துணி. மற்ற விளக்கெல்லாம் அணைந்திருக்க வேண்டும். விளக்கை வெறுமனே காட்டினால் அது சின்னப் புள்ளி, நிழல் கத்தி மாதிரி விழும். இடையில் ஒரு தலையணை உறை அளவுக்குத் துணி பிடித்தால் அந்தத் துணியே சின்ன ஜன்னலாகிவிடும். துணியைச் சூடான பல்பில் ஒட்டவிடாதீர்கள். எல்இடி வாங்குவதாக இருந்தால் பெட்டியில் சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான, 100 வரை போகும் மதிப்பெண்) 90க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது குறைந்த விளக்கில் தக்காளிச் சிவப்பும் இறைச்சியின் நிறமும் முதலில் செத்துப்போகும்.

சில விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். ஃபோன் பழுதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை கூடிக் குறையும். கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் அது கோடாகத் தெரிகிறது. ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 நொடிக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

ஃபோனில் இருக்கும் ஃப்ளாஷ்? வேண்டாம். அது 6 மணி வெளிச்சத்திலேயே மோசமானது.

நல்ல கேமரா வாங்கத்தான் வேண்டுமா?

இல்லை. ஃபோனை ஒழுங்காகப் பயன்படுத்துவதே பலர் செய்யாத காரியம். முதலில் லென்ஸைத் துடையுங்கள். சமைத்த விரல் பட்ட லென்ஸில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், படம் பனி மூடியது மாதிரி வரும். இதை நான் மாதத்துக்கு இரண்டு முறையாவது மறக்கிறேன்.

அடுத்து, தட்டுக்கு மேல் கவிழ்ந்து எடுக்காதீர்கள். ஃபோனின் முதன்மை லென்ஸ், பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமரா கணக்கில், பொதுவாக 24 முதல் 28 மில்லிமீட்டர் அகலக்கோணம். கிட்டே போனால் முன்னால் இருப்பது ஊதிப் பெருக்கும், வட்டத் தட்டு முட்டை வடிவம் ஆகும். இரண்டடி பின்னால் வந்து 2 மடங்கு ஜூம் வைத்தால் தட்டு தட்டாக இருக்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் மோட் சாப்பாட்டில் அடிக்கடி சொதப்பும். முட்கரண்டியின் பல்லில் ஒன்று தெளிவாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தால் அதன் வேலைதான்.

திரையில் எந்த இடம் துல்லியமாக வேண்டுமோ அங்கே விரலை அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். தட்டின் நடுவில் அல்ல, முன்பக்கம் இருக்கும் நல்ல துண்டில் வையுங்கள். கை நடுங்கினால் புத்தக அடுக்கில் சாய்த்து, 2 நொடி டைமர் போட்டுவிடுங்கள்.

என் வெள்ளைத் தட்டு ஏன் சாம்பல் நிறமாக வருகிறது?

கேமரா தான் பார்ப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடும். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் 'அதிக வெளிச்சம்' என்று தானாகக் குறைக்கும். கறுப்புத் தட்டு என்றால் தேவையில்லாமல் கூட்டும். ஃபோகஸ் பூட்டியபின் திரையில் வரும் சூரியச் சின்னத்தை, தட்டு வெள்ளை என்றால் மேலே, கறுப்பு என்றால் கீழே இழுங்கள். அவ்வளவுதான்.

மேலிருந்து எடுப்பதா, பக்கத்திலிருந்தா?

சாப்பாட்டின் உயரத்தைப் பாருங்கள். தட்டையாகப் பரவியது, கிண்ணத்துக்குள் இருப்பது, பல தட்டுகள் சேர்ந்த மேஜை என்றால் நேர் மேலிருந்து. அடுக்கடுக்கான கேக், உயரமான டம்ளர், சாண்ட்விச் மாதிரி விலாப்புறத்தில் கதை இருப்பதெல்லாம் மேஜை மட்டத்துக்கு இறங்கி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை 45 டிகிரி, அதாவது நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுபவரின் பார்வை.

மேலிருந்து எடுக்கும்போது ஃபோன் மேஜைக்கு இணையாக இருக்கிறதா என்று கட்டக் கோடுகளைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் தட்டு மேஜையிலிருந்து வழுக்கி விழப்போவது மாதிரி இருக்கும்.

கேமராவே வைத்திருக்கிறேன். என்ன செட்டிங்?

50 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 4 முதல் எஃப் 8 வரை (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு, எண் சின்னதானால் துல்லியமாக வரும் பகுதியும் சுருங்கும்), ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு, ட்ரைபாட். ட்ரைபாட் இருந்தால் ஷட்டர் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் கவலையில்லை, சாப்பாடு எழுந்து ஓடாது. எஃப் 1.8இல் எடுத்துவிட்டு ஒரே ஒரு பட்டாணி மட்டும் துல்லியமாக வந்ததைப் பார்த்து மகிழும் கட்டம் எல்லோருக்கும் ஒருமுறை வரும். ரா கோப்பாகவும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சேமியுங்கள், நிறம் திருத்தும்போது கைகொடுக்கும்.

எப்படிப்பட்ட தட்டு, எப்படிப்பட்ட பின்னணி?

சின்னதாக, பளபளப்பில்லாததாக இருக்கட்டும். பெரிய தட்டில் சாப்பாடு அநாதையாகத் தெரியும். ஆரஞ்சு, பழுப்பு நிறச் சாப்பாட்டுக்கு நீலமும் சாம்பல்நீலமும் எடுப்பாக இருக்கும், ஏனென்றால் நீலம் ஆரஞ்சுக்கு எதிர் நிறம். பூப்போட்ட தட்டு வேண்டாம். அது தன்னைத்தான் காட்டும்.

பின்னணிக்குப் பழைய மரப்பலகை, கசங்கிய பருத்தித் துணி, ஒரு சார்ட் பேப்பர் எதுவும் ஆகும். பக்கத்தில் வைக்கும் சாமான்களுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சாப்பாட்டோடு இதற்கு உறவு உண்டா? எலுமிச்சை பிழிந்த சாலட் பக்கத்தில் பிழிந்த எலுமிச்சைத் தோல் கிடந்தால் பொருத்தம். கேக் பக்கத்தில் முழுக் கேமராவையும் மூக்குக்கண்ணாடியையும் ஏன் வைக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குழம்பு, ஸ்டூ மாதிரி பழுப்பாகக் குழைந்து கிடப்பதை எப்படி எடுப்பது?

இருப்பதிலேயே கஷ்டமான வேலை இது. சுவையான சாப்பாட்டில் பாதி பழுப்பு நிறம்தான், கேமராவுக்கோ பழுப்பு ஒரு சேற்றுக் குட்டை. மூன்று விஷயம் உதவும்.

ஒன்று, பின்வெளிச்சம். குழம்பின் மேற்பரப்பு மினுங்க வேண்டும். ஆறி ஏடு கட்டியிருந்தால் ஒரு ஸ்பூன் சூடான குழம்பையோ ஒரு துளி எண்ணெயையோ மேலே தடவுங்கள். இரண்டு, வேறு நிறம், வேறு தன்மை. கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் பச்சை, மொறுமொறுப்பான ஏதாவது ஒன்று. மேலே தூவுவதைக் கைநிறைய எடுத்துத் தூவாமல் மூன்று நான்காகக் கிள்ளி வையுங்கள். மூன்று, துண்டுகள் வெளியே தெரிய வேண்டும். கிண்ணத்தில் குழம்பை ஊற்றியதும் எல்லாம் மூழ்கிவிடும். முதலில் துண்டுகளை மட்டும் எடுத்து அடுக்கி, அப்புறம் சாற்றைச் சுற்றிலும் ஊற்றுங்கள். ஆழமான கிண்ணம் என்றால் அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து மேலே அடுக்கலாம்.

அப்படிச் செய்வது ஏமாற்று இல்லையா?

வீட்டு ஆல்பத்துக்கு என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. விற்பதற்கு என்றால் கதை வேறு. கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறித் துண்டுகளை மேலே தூக்கிக் காட்டினார்கள். சூப்பில் இருப்பதைவிட அதிகக் காய் இருப்பது மாதிரித் தெரிந்தது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதைப் பிடித்துக்கொண்டது, 1970இல் அந்த நிறுவனம் இனி அப்படிச் செய்வதில்லை என்ற உத்தரவுக்கு இணங்க வேண்டியதாயிற்று. நீங்களும் சமைத்து விற்பவராக இருந்தால், படத்தில் இருக்கும் அளவும் துண்டும் வாங்குபவர் தட்டிலும் இருக்கட்டும்.

ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை என்று ஸ்டுடியோக்களில் பழைய வித்தைகள் நிறைய. வீட்டில் எதற்கு? எடுத்து முடித்ததும் சாப்பிட வேண்டாமா?

பச்சைக் காய், கீரை எல்லாம் ஏன் மங்கலாகிவிடுகின்றன?

அதிக நேரம் வெந்ததாலும், புளிப்பாலும். சூடும் அமிலமும் சேர்ந்தால் இலைப்பச்சையத்திலிருந்து மெக்னீசியம் கழன்றுவிடும், பச்சை காக்கியாகும். கொதிக்கும் நீரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் போட்டு எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் முக்கினால் பளிச்சென்று நிற்கும். எலுமிச்சையைப் படம் எடுத்தபின் பிழியுங்கள். நறுக்கிய ஆப்பிளுக்கு நேர்மாறு: காற்றுப் பட்டுப் பழுப்பாவதை எலுமிச்சைச் சாறு தடுக்கும், அதனால் முன்கூட்டியே தடவுங்கள்.

ஆவி பறப்பது மாதிரி எப்படி எடுக்கிறார்கள்?

ஆவியாக நம் கண்ணில் படுவது மிக நுண்ணிய நீர்த்துளிகள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்து, அதற்குப் பின்னணி இருட்டாக இருந்தால்தான் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் தெரியாது. மின்விசிறியை நிறுத்துங்கள். கேமரா தயாரான பிறகு சூடாக ஊற்றி, தொடர்ச்சியாக இருபது முப்பது படம் எடுங்கள். ஆவி ஒவ்வொரு நொடியும் உருவம் மாறும், அதில் ஒன்றிரண்டுதான் தேறும்.

எல்லாம் தயாராவதற்குள் ஆறிவிடுகிறது, உருகிவிடுகிறது, வாடிவிடுகிறது.

வரிசை தலைகீழாக இருப்பதுதான் காரணம். சமைத்து, பரிமாறி, அப்புறம் இடம் தேடக் கூடாது. சமையல் அடுப்பில் இருக்கும்போதே மேஜை, துணி, அட்டை, ஃபோன் எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். காலித் தட்டை வைத்து, அதில் ஒரு வெங்காயமோ சுருட்டிய துணியோ போட்டு, வெளிச்சத்தையும் கோணத்தையும் முடிவு செய்துவிடுங்கள். கடைசியாகத்தான் உண்மையான சாப்பாடு வர வேண்டும். வந்தபின் உங்களுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமை முன்கூட்டியே உருண்டையாக எடுத்து, தட்டோடு ஃப்ரீசரில் மறுபடி இறுகவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

ஸ்பூனில் என் முகமும் ஃபோனும் தெரிகின்றனவே?

ஸ்பூனைக் கொஞ்சம் திருப்புங்கள், அல்லது அது பார்க்கும் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைக் காட்டுங்கள், ஸ்பூனில் வெள்ளை மட்டும் தெரியும். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசிங் ஃபில்டர் வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை நீக்காது. கண்ணாடியிலும் தண்ணீரிலும் வேலை செய்யும், ஆனால் சாப்பாட்டின் மினுமினுப்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

முதலில் ஃபோனின் இரவு மஞ்சள் திரையை அணையுங்கள், இல்லாவிட்டால் நிறம் திருத்துவதே வீண். ஸ்னாப்சீட், லைட்ரூம் எதுவானாலும் வொயிட் பேலன்ஸை முதலில் தொடுங்கள்: தட்டின் வெள்ளை வெள்ளையாக வரட்டும். அப்புறம் வெளிச்சம், கொஞ்சம் கான்ட்ராஸ்ட். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைத்தான் எல்லோரும் முதலில் இழுப்பார்கள். சிவப்பும் ஆரஞ்சும் சீக்கிரம் நிரம்பி, தக்காளித் துண்டின் நரம்பும் விதையும் மறைந்து வெறும் சிவப்புத் திட்டு மிஞ்சும். அதைக் கடைசியில், துளி மட்டும்.

படம் எடுத்து முடித்த சாப்பாட்டைச் சாப்பிடலாமா?

தாராளமாக, நேரத்தைப் பார்த்துக்கொண்டால். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அறை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடாக இருந்தால் 1 மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண்துறை சொல்கிறது. மினுக்குவதற்கு மேலே தடவியதும் சமையல் எண்ணெயாகவே இருக்கட்டும். என் வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மூன்றாவது படத்துக்குள் ஒரு கை தட்டுக்குள் வந்துவிடும். அந்தக் கை விழுந்த படங்கள்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன.